அஞ்சத்தகும் உயிர்க்கும் அருள் உண்டோ?

உயிர்களிடத்து அன்பு பூணுதல் வேண்டும் என்று உரையாத சமயமில்லை. உரையாத நீதி நூலுமில்லை. ஆயின், அவ்வுரையைக் கேட்கும்பொழுது நம் மனக்கண்முன் தோன்றும் உயிர்கள் யாவை? தாயைத் தேடும் கன்று, மருண்டு நோக்கும் மான், கூட்டில் வாய் திறந்து காத்திருக்கும் குஞ்சு ஆகியவையே தோன்றுகின்றன. இவற்றினிடத்து இரக்கம் கொள்வதற்குப் பெரிய பயிற்சி வேண்டுவதில்லை. நெஞ்சுடையார் எவர்க்கும் அது தானே சுரக்கும். ஆனால், வரிசை வரிசையாகப் பற்கள் அமைந்த வாயும், உணர்ச்சி காட்டாத கண்ணும், குருதியின் வாடையை அறியும் மூக்கும் உடைய சுறாவினிடத்து நாம் இரக்கம் கொள்ளுதல் இயலுமா? இயலுமெனினும் அது தகுமா? பிற உயிரைத் தின்று வாழும் ஓர் உயிரைக் காப்பது அறமாகுமா? அதனைப் பிடித்து வயிறு வளர்க்கும் ஏழை மீனவனின் சோற்றில் அது மண் போடுவது ஆகாதா? இவ்வினாக்களை அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் சிந்திக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

பொழுது போக்குவதற்காக எழுப்பிய வினாக்கள் அல்ல இவை. நம் கண்ணெதிரே, நம் காலத்திலேயே, சுறாக்கள் கடலினின்றும் மறைந்து வருகின்றன. மரங்கள் மண்ணில் தோன்றுவதற்கு முன்னரே கடலில் நீந்திய குலம் அது. நாற்பது கோடி ஆண்டுகளாகப் பல பேரழிவுகளைத் தாண்டி வந்த அக்குலத்திற்கு, மனிதனுடைய ஓர் ஆயுட்காலத்திற்குள் நேர்ந்துள்ள கேட்டினை முதலில் அறிதல் வேண்டும்.

அச்சத்தின் கணக்கு

சுறா என்றவுடன் மனிதனை விழுங்கும் பேய் என்று எண்ணுவது இன்று உலக வழக்கமாகிவிட்டது. உண்மை நிலை யாது? உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மனிதனுக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. பல இனங்கள் ஒரு முழ நீளமே உள்ளவை. மனிதன் சீண்டாமலேயே சுறா கடித்த நிகழ்ச்சிகள், உலகக் கடற்கரை அனைத்தையும் சேர்த்து எண்ணினும், பொதுவாக ஓர் ஆண்டில் நூற்றை எட்டுவதில்லை. அவற்றால் இறப்போர் பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேற்படுவதில்லை. அந்தச் சிலருடைய உயிரும் அரியதே. அவர்தம் குடும்பத்தின் துயரும் துயரே. ஆயினும் மறுபக்கக் கணக்கையும் பார்க்க வேண்டுமல்லவா?

கனடா நாட்டு டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தின் போரிஸ் வோர்ம் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர் ஓர் ஆண்டில் கொல்லும் சுறாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10 கோடி. அக்குழுவினரே மேலும் நுணுகி ஆராய்ந்து 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், மீன்பிடித்தலால் இறந்த சுறாக்கள் 2012ஆம் ஆண்டில் 7 கோடியே 60 லட்சம் என்றும், 2019ஆம் ஆண்டில் 8 கோடிக்கு மேல் என்றும் கண்டனர். நிமிடந்தோறும் நூற்றைம்பது உயிர்! நம்மைக் கண்டு அவை அஞ்சுவதற்கன்றோ காரணம் உண்டு?

இந்த அச்சம் பெரும்பகுதி கதையால் வளர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் பெஞ்ச்லி 1974ஆம் ஆண்டில் 'ஜாஸ்' என்னும் நாவலை எழுதினார். அடுத்த ஆண்டே ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதனைத் திரைப்படமாக்கினார். உலகெங்கும் மக்கள் அப்படத்தைக் கண்டு நடுங்கினர். சுறாவைக் கொல்வது வீரம் என்ற எண்ணம் பரவியது. பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கும் பணியிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டு 2006ஆம் ஆண்டில் காலமானார். சுறாக் கூட்டம் அழிந்ததில் தம் படத்திற்கும் பங்கு உண்டென்று வருந்துவதாக ஸ்பீல்பெர்க் 2022ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கூறினார்.

செயலை ஆராயாது, பெயரைக் கேட்ட அளவிலேயே ஒரு கூட்டம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிடும் வழக்கம் எத்துணைக் கொடியது என்பதை, இவ்விதழை வாசிக்கும் நம்மவர்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மனிதரையும் மீனையும் ஒரு தட்டில் வைப்பது என் கருத்தன்று. ஆனால், தீர்ப்பு எழுதும் அந்த மனப்பழக்கம் ஒன்றே. அது எவ்விடத்து இருப்பினும் களையத்தக்கதே.

குறைந்தவை மீளாத காரணம்

கடலில் மீன் குறையாது என்பது நம் முன்னோர் நம்பிக்கை. மத்தி, நெத்திலி போன்ற மீன்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அவை பிறந்த ஓரிரு ஆண்டுகளிலேயே இனம் பெருக்கத் தொடங்கும். ஒரு பெண் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுறாவின் இயல்போ வேறு. அது மீனாய்ப் பிறந்தும் யானையைப் போல் வாழ்கிறது. பெரிய சுறா இனங்கள் பல பத்து, இருபது ஆண்டுகள் கடந்த பின்னரே கருத்தரிக்கும் பருவம் அடைகின்றன. நெடுங்காலம் கருவைச் சுமந்து, ஒரு முறைக்குச் சில குட்டிகளையே ஈனும் இனங்கள் மிகுதி. முள் நாய்ச்சுறா என்னும் சிறிய இனம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கருச் சுமக்கிறது. வடகடலில் வாழும் கிரீன்லாந்துச் சுறா இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதென்றும், இனம் பெருக்கும் பருவம் எய்த அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆகுமென்றும் 2016ஆம் ஆண்டு ஆராய்ச்சி கூறிற்று. இத்தகைய உயிரை மத்தியைப் பிடிப்பது போல் பிடித்தால் முதல் அழிந்துபோகும். வட்டி எங்கிருந்து வரும்?

விளைவு யாதெனில், பெருங்கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970ஆம் ஆண்டு முதல் 2018 வரையில் நூற்றுக்கு 71 பங்கு குறைந்தன என்று 2021ஆம் ஆண்டில் அறிவியலார் கணக்கிட்டனர். அதே காலத்தில் அவற்றின்மீது மீன்பிடித்தலால் உண்டான அழுத்தம் 18 மடங்கு ஏறியது. சுறா, திருக்கை முதலிய இனங்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அழிவின் அச்சுறுத்தலுக்கு உட்பட்டுள்ளன. புதுச்சேரி நகரின் பெயரையே தாங்கிய சுறா இனம் ஒன்று உண்டு. அறிவியலார் உறுதியாகக் கண்ட கடைசிச் சான்று 1979ஆம் ஆண்டினது. பெயர் நூலில் இருக்கிறது. உடலைக் கடலில் காணவில்லை.

பாவில் அறுந்த இழை

"சுறா மற்ற மீன்களைத் தின்கிறது; அது ஒழிந்தால் மற்ற மீன்கள் பெருகுமே; ஓர் உயிரைக் கொன்று பல உயிரைக் காத்த புண்ணியம் அன்றோ?" என்று சிலர் கேட்கலாம். மேற்போக்கில் இது அறம் போலத் தோன்றும். தறியில் வேலை செய்தவர்க்கு இதன் விடை எளிதில் விளங்கும். பாவில் ஓர் இழை அறுந்தால், "ஆயிரம் இழையில் ஒன்றுதானே" என்று தறியை ஓட்ட முடியாது. நிறுத்தி, முடிச்சிட்டே ஓட்ட வேண்டும். இல்லையேல் அறுந்த இழை பக்கத்து இழைகளையும் சிக்கவைத்து, நெய்த துணியெல்லாம் பழுதாகும். கடலின் நெசவும் அத்தகையதே.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 'ஷார்க் பே' என்றொரு விரிகுடா உண்டு. அங்கே கடலடியில் பரந்த புல்வெளிகள் உள்ளன. கடற்பசுக்களும் ஆமைகளும் அப்புல்லை மேய்கின்றன. புலிச்சுறாக்கள் அவற்றை வேட்டையாடுகின்றன. அறிவியலார் பல்லாண்டுகள் அங்கே கூர்ந்து நோக்கிக் கண்டது யாதெனில், சுறாக்கள் உலவும் காலத்தில் மேயும் உயிர்கள் ஓரிடத்திலேயே தங்கிப் புல்லை வேரோடு தின்று தீர்ப்பதில்லை. அபாயம் மிக்க இடங்களை விட்டு விலகி இடம் மாறி மேய்கின்றன. ஆகவே புல் பிழைக்கிறது. புல்லை அண்டி வாழும் மீன் குஞ்சுகளும் பிழைக்கின்றன. சுறா கொன்று உண்பது சிலவற்றையே. அது அங்கே இருப்பதனால் வாழ்வன பற்பல.

மேலும், கொல்லுதல் வேறு, கொடுமை வேறு என்பதை நாம் மறத்தலாகாது. எண்ணமே வினையாகும் என்பது பகவன் புத்தர் போதித்த நெறி. சுறாவுக்குப் பகையில்லை, பேராசையில்லை, சேமிப்பில்லை. பசியெழுந்தால் உண்ணும், பசி தீர்ந்தால் நீந்திப் போகும். அதன் துடுப்புகளை மாத்திரம் அறுத்துக்கொண்டு, உயிரோடிருக்கும் உடலைக் கடலில் எறியும் மனிதனோ அறிந்தே செய்கிறான். நீந்த இயலாத அச்சுறா மூச்சுத் திணறி, கடலடியில் கிடந்து மெல்ல மெல்ல மடிகிறது. ஒரு விருந்தில் ஒரு கிண்ணம் சூப்பு மணப்பதற்காக இது நடக்கிறது. இவ்விரண்டனுள் கொடிய வாய் எது என்பதை அன்பர்களே முடிவு செய்க.

மாமன்னரின் இரு வழிகள்

இனி, காக்கும் வழி யாது என்பதை நோக்குவோம். இதற்கு இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் ஒரு பாடம் எழுதப்பட்டுள்ளது. மாமன்னர் அசோகர் முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், கொல்லலாகாத உயிர்கள் என்று ஒரு பட்டியல் தரப்பட்டுள்ளது. கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி என்று நீளும் அப்பட்டியலில் 'எலும்பில்லா மீன்' என்றொரு பெயரும் இருக்கிறது. அது எந்த மீனைக் குறிக்கிறது என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. ஆனால் சுறாவின் உடலில் எலும்பு என்பதே இல்லை என்பதும், அதன் உட்கூடு முழுவதும் குருத்தெலும்பே என்பதும் உண்மை. குறித்த சில நாட்களில் எந்த மீனையும் கொல்லவோ விற்கவோ கூடாதென்றும் அச்சாசனம் விதித்தது.

இதனினும் சிறந்தது ஏழாம் தூண் சாசனம். அஃது இன்று தில்லியில், பிரோஸ் ஷா கோட்டையில் நிற்கும் தூணில் உள்ளது. மக்களை அறநெறியில் செலுத்துதற்கு இரு வழிகள் உண்டென்றும், ஒன்று விதி, மற்றொன்று மனம் கொள்ளுமாறு உணர்த்துதல் என்றும் மன்னர் அதிற் கூறுகிறார். இன்ன இன்ன உயிர்களைக் கொல்லலாகாது என்று தாம் விதித்ததையே எடுத்துக்காட்டி, அத்தகைய விதியால் விளைவது சிறிது, உணர்த்துவதால் விளைவதே பெரிது என்று முடிக்கிறார். ஆணையிடும் ஆற்றல் உடைய பேரரசர், ஆணையின் எல்லையைத் தாமே கல்லில் எழுதி வைத்தார்! சுறாக்களின் பொருட்டு நம் காலத்தில் நடந்தவற்றை நோக்கினால், அவ்வுரை எத்துணை உண்மை என்பது புலனாகும்.

பீப்பாயும் அன்புக்குரியவளும்

கூர்ச்சர நாட்டின் சௌராஷ்டிரக் கரைக்கு ஆண்டுதோறும் திமிங்கிலச் சுறாக்கள் வருகின்றன. உலகில் உள்ள மீன்கள் யாவற்றினும் பெரியது அதுவே. நாற்பது அடி நீளம் வளரும். ஆயினும் அது தின்பது கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையுமே. வேராவல் முதலிய துறைகளின் மீனவர் அதனை வழங்கிய பெயர் 'பீப்பாய்'. இப்பெயரின் காரணம் துயரமானது. பெரிய இரும்புக் கொக்கியை அதன் உடலில் மாட்டி, கயிற்றின் மறுமுனையில் வெற்றுப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, அது ஓய்ந்து மேலே வரும்வரை விரட்டிப் பிடித்தனர். கொல்லும் கருவியின் பெயரே கொல்லப்படும் உயிரின் பெயராயிற்று! அதன் ஈரல் எண்ணெய் படகுகளில் நீர் புகாமல் பூசப் பயன்பட்டது. 1990களில் அதன் இறைச்சிக்கும் துடுப்புக்கும் அயல்நாட்டில் விலை ஏறியதும் நூற்றுக்கணக்கில் கொன்றனர்.

மைக் பாண்டே என்னும் படப்பிடிப்பாளர் இக்கொலையைப் படமெடுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2001ஆம் ஆண்டில் இந்திய அரசு திமிங்கிலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய காவல் அதற்கும் கிடைத்தது. ஆனால் தில்லியில் அச்சிட்ட சட்டம் நடுக்கடலில் படகு ஓட்டும் மீனவனுக்கு எட்டவில்லை. தான் பிடிப்பது காக்கப்பட்ட உயிர் என்பதே பலர்க்குத் தெரியாது.

2004ஆம் ஆண்டில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, கூர்ச்சர மாநில வனத்துறையோடும் டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து இரண்டாம் வழியை மேற்கொண்டது. இராமகதை சொல்லும் மொராரி பாபு என்பார் கரையோர மக்களிடம் சென்று எளிய ஒரு சொல்லைச் சொன்னார்: இம்மீன் தொலைதூரத்தினின்றும் நம் கரைக்கு வருவது, மணமுடித்துச் சென்ற மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வருவது போன்றது, வாசலுக்கு வந்த மகளை எவரேனும் கொல்வார்களா? அதற்கு 'வ்ஹாலி' என்று புதுப்பெயரும் வைத்தனர். 'அன்புக்குரியவள்' என்பது அதன் பொருள். தெருக்களில் நாடகம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் படம் வரைந்தனர். கடற்கரை நகரங்கள் சில அம்மீனைத் தம் ஊர்ச் சின்னமாக ஏற்றன. அவர் சமயம் வேறு, நம் நெறி வேறு. ஆயினும் நல்லது எவர் வாயில் பிறப்பினும் நல்லதே.

நேற்றுவரை கொக்கி வீசிய கைகளே, வலையில் அகப்பட்ட சுறாவை விடுவிப்பதற்காகத் தம் வலையையே அறுக்கத் தொடங்கின. அன்றுமுதல் இன்றுவரை பல நூறு திமிங்கிலச் சுறாக்கள் அக்கரையில் உயிருடன் விடப்பட்டுள்ளன. ஒன்றை இங்கே குறிப்பாக நோக்குதல் வேண்டும். அறுபட்ட வலைக்கு அரசு நட்டஈடு கொடுத்தது. முதலில், அதிகாரி வந்து பார்த்த பின்னரே விடுவிக்கலாம் என்றிருந்தமையால், அதுவரை சுறா வலையிலேயே தவித்தது. பின்னர் மீனவர் கையிலேயே படப்பெட்டியைக் கொடுத்து, "நீங்களே படமெடுத்து உடனே விடுவியுங்கள், உங்கள் சொல்லையும் படத்தையும் நம்புகிறோம்" என்றனர். ஏழையை நம்பியதால் விடுதலை விரைவாயிற்று.

பல்லுள்ள சுறாவுக்கு யார் மகள் என்று பெயரிடுவர்?

இவ்விடத்தில் நாம் நின்றுவிட்டால் பாதி வழியே வந்தவராவோம். திமிங்கிலச் சுறா சாது. அதன் முதுகில் வெண்புள்ளிகள் விண்மீன் போல் அழகியவை. அதனை மகள் என்பது எளிது. கொம்பன் சுறாவை, புலிச்சுறாவை, ஆற்றுமுகத்தில் உலவும் காளைச் சுறாவை எவர் மகள் என்பார்? அழகியதையும் அடங்கியதையும் மட்டும் காக்கும் இரக்கம், உண்மையில் நம் கண்ணின் இன்பத்தைக் காக்கும் இரக்கமே. நம்மை விரும்பாத, நமக்கு நன்றி பாராட்டாத, நாம் அஞ்சுகின்ற உயிரும் வாழ்க என்று எண்ணும்பொழுதே மைத்திரி தன் முழு உருவம் பெறுகிறது. ஆகவே, அஞ்சத்தகும் உயிர்க்கு அருள் உண்டோ என்ற வினாவுக்கு என் விடை இது: அருள் என்ற ஒன்று நம்மிடம் உண்டா என்பதைச் சோதிக்கும் உரைகல்லே அவ்வுயிர்தான்.

ஏழையின் தோளில் மட்டுமா?

ஆயினும் அருளின் விலையை யார் கொடுப்பது? 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிக்கலாகாது என்று ஒரே வீச்சில் ஆணையிட்டது. சுறா வேட்டையில் தேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய ஊர்களில் அத்தொழிலையே நம்பிய குடும்பங்கள் பல. மீனவர் எதிர்த்தனர். டிசம்பர்த் திங்களில் அரசு ஆணையைச் சுருக்கி, சில இனங்களை மட்டுமே பட்டியலில் நிறுத்தியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பட்டியல் மீண்டும் நீண்டது. உணர்த்தாமல் விதித்த விதிக்கு வந்த கதி இது.

மீனவனைக் கொலைகாரன் என்று பழிப்பதும் நீதியன்று. நம் நாட்டில் கரைக்கு வரும் சுறாக்களுள் மிகுதியானவை அவற்றுக்கென்றே விரித்த வலையில் பட்டவை அல்ல. இறாலுக்கும் வேறு மீனுக்கும் விரித்த வலையில் தாமே வந்து அகப்பட்டவை. இழுவை வலை, குட்டியையும் தாயையும் பிரித்தறியாது. சுறாவினால் பெரும்பொருள் ஈட்டியவன் பீலி வாங்கி அயல்நாட்டுக்கு அனுப்பிய வணிகன். சுவை கண்டவன் நகரத்து விருந்தாளி. உப்புக் காற்றில் உழைத்தவனுக்குக் கிடைத்தது கூலி. ஆதலின், இனப்பெருக்கக் காலத்தில் குட்டிகள் வளரும் இடங்களை விட்டு விலகச் சொன்னால், அந்நாட்களின் கூலிக்கு வழி செய்தல் வேண்டும். உயிருள்ள சுறாவை விடச் சொன்னால், கூர்ச்சரத்தில் போல வலைக்கு ஈடு தருதல் வேண்டும். மாலத்தீவு 2010ஆம் ஆண்டில் சுறாப் பிடித்தலை முற்றிலும் தடுத்தது. நீந்தும் சுறாவைக் காண வரும் பயணிகளால் அந்நாட்டுக்கு வருவாய் உண்டு. அத்தகைய வருவாயில் பழைய மீனவனுக்கும் ஒரு பங்கு சேருமாயின் அதுவே அறம்.

நாம் செய்யத்தக்கவை

கடலையே கண்டிராத ஆலைத் தெருக்களிலும் நகரங்களிலும் வாழும் நாம் என்ன செய்ய இயலும் என்று அன்பர்கள் கேட்கலாம். இயலும். எவ்வாறெனில், உண்பவன் இல்லாத இடத்தில் கொல்பவன் இல்லை.

முதலாவது, சுறாத் துடுப்புச் சூப்பை எவ்விருந்திலும் ஏலாதிருத்தல். சீன நாட்டில் கூடைப்பந்து வீரர் யாவ் மிங் 2006ஆம் ஆண்டு முதல் இதனை மக்களிடம் எடுத்துரைத்தார். 2013ஆம் ஆண்டில் சீன அரசும் தன் விருந்துகளினின்று அவ்வுணவை நீக்கியது. நூற்றாண்டுப் பழக்கம் அந்நாட்டில் பெரிதும் தளர்ந்தது.

இரண்டாவது, இறைச்சியையும் எண்ணிப் பார்த்தல். துடுப்பறுத்து உடலை எறிவதை நம் அரசு 2013ஆம் ஆண்டில் தடுத்தது. துடுப்பு ஏற்றுமதியை 2015ஆம் ஆண்டில் தடுத்தது. பல நாடுகள் இவ்வாறே சட்டம் செய்தும், கொலை குறையவில்லை என்பதே நான் மேலே கூறிய 2024ஆம் ஆண்டுக் கணக்கின் செய்தி. துடுப்பின் வாயில் அடைபட்டது. இறைச்சியின் வாயில் திறந்தது. புலால் நீத்தவர்க்கு இதில் தயக்கமில்லை. மீன் உண்போரும் பெரிய சுறாவின் துண்டத்தையும், சந்தைக்கு வரும் சுறாக்குட்டியையும் விலக்கலாம். விரைந்து பெருகும் மத்தி, நெத்திலி போன்றவற்றோடு நிற்கலாம்.

மூன்றாவது, தாய்மார்க்கு ஒரு சொல். பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவர்க்குச் சுறாப்புட்டுக் கொடுப்பது தமிழர் வீட்டு வழக்கம். நெடுநாள் வாழ்ந்து பல மீன்களைத் தின்னும் சுறாவின் உடலில் பாதரச நஞ்சு சேர்கிறது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சுறாவைத் தவிர்க்குமாறு அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. சுறாவை விடுவது அதற்கு மட்டுமன்றி நம் மழலைக்கும் நன்மையே.

நான்காவது, சுறாக் குருத்தெலும்பு மாத்திரை புற்றுநோயைப் போக்கும் என்ற விளம்பரத்தை நம்பாதிருத்தல். மருத்துவ ஆராய்ச்சி அதனை மெய்ப்பிக்கவில்லை. முகப்பூச்சுகளில் சேரும் 'ஸ்குவாலீன்' என்னும் எண்ணெய் சுறாவின் ஈரலினின்றும் எடுக்கப்படுவதுண்டு. ஆலிவ், கரும்பு முதலியவற்றினின்றும் அதனை எடுக்கலாம். வாங்குமுன் கேட்டு வாங்குதல் நம் கடமை.

ஐந்தாவது, சொல்லைத் திருத்துதல். கந்துவட்டிக்காரனையும் கயவனையும் சுறா என்று வைவதை விடுவோம். பிள்ளைகளுக்கு அதனைப் பேயாகக் காட்டாமல், நாற்பது கோடி ஆண்டுப் பழமையுள்ள ஓர் உயிராகக் காட்டுவோம். பீப்பாய் என்றவரை கொன்றனர்; அன்புக்குரியவள் என்றபின் விடுவித்தனர். பெயரில் ஒன்றுமில்லை என்பார், பெயரால் துன்புறாதவரே.

விதி வேண்டாம் என்பது என் கருத்தன்று. விதி வேலி போன்றது. வேலியில்லாப் பயிரை மாடு மேயும். ஆனால் வேலி மட்டும் பயிராகாது. உண்பவன், விற்பவன், பிடிப்பவன், ஆள்பவன் ஆகிய நால்வர் மனத்திலும் பயிர் முளைத்தல் வேண்டும். இந்த நால்வருள் உண்பவனாகிய நம்மிடமே அது முதலில் முளைக்கத்தக்கது. ஏனெனில், விட்டுக்கொடுப்பதில் நமக்கு நட்டம் மிகச் சிறிது. ஒரு வேளை உணவை மாற்றினால் போதும். மீனவன் தன் வலையையே அறுத்தான்.

அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்பொழுது, துண்டமிட்ட மீனைச் சுட்டி, "இது என்ன மீன்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சுறா என்று விடை வந்தால், அருகிலுள்ள தட்டுக்குச் செல்லுங்கள். நாம் அஞ்சும் உயிரும் நம்மை அஞ்சாது வாழ்வதற்கு, இன்றே தொடங்கத்தக்க செயல் அது.

சகல உயிர்களும் நலமுறுக.